ஆங்கிலத்தில் ‘டிதர்’ என்றால் வெறும் தயக்கம்தானா? அலுவலக மின்னஞ்சலில் எழுதலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: அகராதியில் ‘டிதர்’ என்ற வினைக்குத் ‘தயங்கு’ என்று பொருள் போட்டிருக்கிறது. உங்கள் மேலாளர் ஒரு விலைப் பட்டியலுக்கு இன்னும் சரி சொல்லவில்லை. அதை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க ‘அவர் டிதர் பண்ணிக்கொண்டிருக்கிறார்’ என்று ஆங்கிலத்தில் எழுதலாமா?

வேண்டாம். வாடிக்கையாளர் அந்த அஞ்சலுக்குப் பதில் போடும்போது மேலாளரையும் சேர்த்துப் போட்டுவிட்டால் உங்கள் பாடு திண்டாட்டம். அகராதி தப்பாகச் சொல்லவில்லை, பாதியில் நிறுத்திவிட்டது. மீதிப் பாதியில் ஒரு வசவு இருக்கிறது.

முதலில் உச்சரிப்பைச் சொல்லிவிடுகிறேன். நடுவில் வருவது ‘அது, இது’ என்பதில் வரும் மெல்லிய ‘த’. மதர், ஃபாதர் என்று சொல்ல வருகிறதல்லவா, அதேதான். தமிழில் எழுதிப் படித்தாலே சரியாக வந்துவிடும் அபூர்வமான ஆங்கிலச் சொற்களில் இதுவும் ஒன்று.

பழைய ஆங்கிலப் பேச்சு வழக்கில் ‘டிடர்’ என்று ஒரு சொல் இருந்தது. நடுங்குவது, உதறுவது என்று பொருள். அதன் இன்னொரு உச்சரிப்பாக 17ஆம் நூற்றாண்டில் தலைகாட்டியதுதான் டிதர். அப்போது அதற்கும் முடிவெடுப்பதற்கும் சம்பந்தமே இல்லை. குளிரில் உடம்பு வெடவெடப்பதைத்தான் அது குறித்தது. பின்னால் வந்தவர்கள் உடம்பிலிருந்து எடுத்து மனசுக்கு வைத்தார்கள். ஆனாலும் அந்த உதறல் அதை விட்டுப் போகவில்லை. டிதர் பண்ணுகிறவர் சும்மா நிற்கமாட்டார். அங்கும் இங்கும் அசைந்துகொண்டே இருப்பார், காரியம் மட்டும் அசையாது.

தி. நகர் ஜவுளிக்கடை எதிலாவது பார்த்திருப்பீர்கள். என் அத்தை அதில் கைதேர்ந்தவர். கடைசியில் இரண்டு புடவை மிஞ்சும், ஒன்று அரக்கு, ஒன்று மாம்பழ மஞ்சள். இரண்டையும் தூக்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போவார். திரும்பி வந்து அரக்கைத் தோளில் போட்டுக் கண்ணாடி பார்ப்பார். “நீ சொல்லுடி” என்று என் தங்கையைக் கேட்பார். அவள் மஞ்சள் என்றால், “மஞ்சள் ஏற்கனவே ரெண்டு இருக்கே” என்பார். சரி அரக்கு என்று விற்பனையாளர் மடிக்க ஆரம்பித்தால், “தம்பி, அந்த மஞ்சளோட முந்தானைய மட்டும் இன்னொரு தடவை விரிச்சுக் காட்டுப்பா.” இதைத்தான் ஆங்கிலேயர் டிதர் என்பார். இங்கே பயமில்லை, சோம்பேறித்தனமும் இல்லை. பெரிய சிக்கல்கூட இல்லை, எந்தப் புடவையை எடுத்தாலும் குடி முழுகிப் போகாது. அதனால்தான் அந்தச் சொல்லில் ஒரு சின்ன எரிச்சல், கொஞ்சம் கேலி. விற்பனையாளரின் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

இதே கேலியை எடுத்து நாட்டின் தலைவர் மேல் வீசினால் அது அரசியல் ஆயுதம் ஆகிவிடுகிறது. நான் வெகுகாலம் ஒரு தமிழ் நாளிதழில் வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்த்தவன். இந்தச் சொல்லோடு எனக்கு நெருங்கிய பழக்கம் வந்தது 2009இல்.

ஆப்கானிஸ்தானில் அமெரிக்கத் தளபதியாக இருந்த ஸ்டான்லி மெக்கிரிஸ்டல் அந்த ஆகஸ்ட் கடைசியில் ஓர் அறிக்கை கொடுத்தார். கூடுதல் படை வராவிட்டால் போர் கைநழுவிவிடும் என்பது சாரம். செப்டம்பரில் அது பத்திரிகையில் கசிந்தது. அதிபர் ஒபாமா ஆலோசகர்களோடு கூட்டத்துக்கு மேல் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார், முடிவு வரவில்லை. அக்டோபர் 21 அன்று முன்னாள் துணை அதிபர் டிக் செனி வாஷிங்டனில் ஒரு விழா மேடையில், அமெரிக்கப் படைகள் ஆபத்தில் இருக்கும்போது வெள்ளை மாளிகை டிதர் பண்ணுவதை நிறுத்த வேண்டும் என்றார். உலகம் முழுக்க அந்த ஒற்றைச் சொல்தான் தலைப்பு.

எங்கள் டெஸ்க்கில் நான் ‘ஒபாமா தயக்கம்: செனி கருத்து’ என்று எழுதி நீட்டினேன். செய்தி ஆசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“தம்பி, தயக்கம்னா பொண்ணு பாக்கப் போன மாப்பிள்ளை மாதிரி இருக்கு. அந்தாளு திட்டியிருக்காருப்பா.”

“அப்போ ‘இழுத்தடிப்பு’ போடலாமா சார்?”

“இழுத்தடிக்கிறவனுக்கு என்ன செய்யப் போறோம்னு தெரியும். வேணும்னு பண்றது அது. ஒபாமாவுக்கு முடிவே தெரியலங்கிறார் செனி. ரெண்டும் வேற.”

மறுநாள் வந்தது ‘முடிவெடுக்க முடியாமல் ஒபாமா தடுமாற்றம்: செனி காட்டம்’. நீளம்தான். ஆனால் ‘காட்டம்’ என்ற சொல் அந்த வசவைத் தாங்கிக்கொண்டது.

வெள்ளை மாளிகைச் செய்தித் தொடர்பாளர் ராபர்ட் கிப்ஸ் சொன்ன பதில் இன்னும் சுவாரசியம். செனி டிதர் என்று சொல்வதைத்தான் ஒபாமா, படைவீரர்களுக்கும் மக்களுக்கும் தாம் ஆற்றவேண்டிய பெரும் பொறுப்பு என்று கருதுகிறார் என்றார் அவர். ஒரே செயல்தான். வெளியே நிற்கிறவருக்கு அது டிதர், உள்ளே இருப்பவருக்கு ‘டிலிபரேஷன்’, அதாவது நிதானமான ஆலோசனை. டிசம்பர் 1 அன்று வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் 30,000 வீரர்களைக் கூடுதலாக அனுப்புவதாக ஒபாமா அறிவித்தார். அறிக்கை வந்ததிலிருந்து மூன்று மாதம். அது அதிகமா குறைவா என்பது நீங்கள் யார் பக்கம் என்பதைப் பொறுத்தது. ஒரு போரை விரிப்பதற்கு மூன்று மாதம் யோசிப்பது அப்படியொன்றும் குற்றமில்லை என்பது என் கட்சி.

பிரிட்டனில் இந்தச் சொல் இன்னும் சகஜம். கோர்டன் பிரவுன் 2007 ஜூனில் பிரதமரானதும் உடனே தேர்தல் வைப்பார் என்ற பேச்சை அவருடைய ஆட்களே ஊதிப் பெரிதாக்கினார்கள். அக்டோபர் 6ஆம் தேதி, தேர்தல் இல்லை என்றார். அன்றைக்கு ஒட்டிய டிதரர் பட்டம் 2010 தேர்தலில் பதவி போகும்வரை அவரை விடவில்லை. போரிஸ் ஜான்சன் 2019 முழுக்க ‘டிதர் அண்ட் டிலே’ (டிலே என்றால் தாமதம்) என்று பிரெக்ஸிட்டை, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவதைத் தள்ளிப்போட்டவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார். மோனை அழகாக விழுந்த வசவு கூட்டத்தில் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும், நம் மேடைப் பேச்சாளர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி இதன் பங்காளிகள். ‘ஹெசிடேட்’ என்பதன் லத்தீன் மூலத்துக்கு ஒட்டிக்கொண்டு நிற்பது என்று பொருள். கால் எடுத்து வைக்கப் போய் ஒரு கணம் நின்றுவிடுவது அது, யாரையும் குறை சொல்வதில்லை. நம் ‘தயங்கு’ இதற்குத்தான் சரியான ஜோடி. ‘வேசிலேட்’ என்றால் இங்கும் அங்கும் ஆடுவது. திங்கட்கிழமை ஒரு முடிவு, புதன்கிழமை நேர் எதிர் முடிவு, வெள்ளிக்கிழமை மறுபடி முதல் முடிவு. நம் ‘ஊசலாட்டம்’ அதற்குக் கச்சிதம். டிதர் பண்ணுகிறவர் அந்தத் திங்கட்கிழமை முடிவுக்குக்கூட வந்திருக்கமாட்டார். ‘ப்ரோக்ராஸ்டினேட்’ வேறு ஜாதி. அதில் ‘நாளைக்கு’ என்பதற்கான லத்தீன் சொல் ஒளிந்திருக்கிறது. என்ன செய்யவேண்டும் என்று நன்றாகத் தெரியும், செய்யத்தான் மனசு வராது. வருமான வரிக் கணக்கைக் கடைசி நாள் ராத்திரி தாக்கல் செய்கிறவர்களை டிதரர் என்று சொல்லக்கூடாது.

‘இர்ரெசல்யூட்’, அதாவது மனவுறுதி இல்லாத, என்று ஒரு கனமான சொல்லும் உண்டு, பேச்சில் வராது. ஆனால் சர்ச்சில் அதைப் பிரமாதமாக ஆண்டிருக்கிறார். 1936 நவம்பர் 12, ஜெர்மனி ஆயுதம் சேர்த்துக்கொண்டிருக்க பிரிட்டிஷ் பிரதமர் பால்ட்வினின் அரசு கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரம். முடிவில்லாமல் இருப்பது என்று மட்டும் முடிவெடுத்திருக்கிறார்கள், உறுதியில்லாமல் இருப்பதில் உறுதியாக இருக்கிறார்கள் என்ற பொருள்பட நாடாளுமன்றத்தில் வெளுத்து வாங்கினார்.

என் செல்லப் பிள்ளை வேறு ஒன்று: ‘ஷில்லி-ஷாலி’. கேட்டால் ஏதோ குழந்தைப் பாட்டு மாதிரி இருக்கும். அது ‘ஷல் ஐ? ஷல் ஐ?’ என்ற கேள்வியின் சிதைவு. ‘செய்யட்டுமா, செய்யட்டுமா’ என்று தன்னையே கேட்டுக்கொண்டு நிற்பது. 1700இல் வந்த ஓர் ஆங்கில நாடகத்தில் ‘ஷில் ஐ, ஷல் ஐ’ என்று நிற்கிற ஆள் நானில்லை என்று ஒரு பாத்திரம் பெருமையடிக்கும். பிறகு அதுவே தேய்ந்து ஒற்றைச் சொல்லாகிவிட்டது.

இதைப் படித்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. டிதருக்குத் தமிழில் பெயர்ச்சொல் தேடித் தேடி நாம் ஏன் தோற்கிறோம்? மதில் மேல் பூனை சரிவராது. அந்தப் பூனை பதறுவதில்லை, எந்தப் பக்கம் குதித்தால் லாபம் என்று சாவகாசமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இருதலைக் கொள்ளி எறும்பும் சரிவராது. அதற்கு இரு பக்கமும் நெருப்பு, புடவைக் கடையில் நெருப்பு ஏது? ‘வழவழா கொழகொழா’ என்பது பேச்சைப் பற்றியது, ‘மென்னு முழுங்குறது’ம் அப்படியே. ‘இழுபறி’க்கு இரண்டு தரப்பு வேண்டும்.

நாம் இதைப் பெயர்ச்சொல்லாகச் சொல்வதே இல்லை. கேள்வியாகத்தான் சொல்கிறோம். “போலாமா வேணாமா, போலாமா வேணாமான்னு அல்லாடிக்கிட்டு நிக்கிறான்.” “இதுவா அதுவான்னே ரெண்டு மணி நேரம்.” கேள்வியை இரட்டித்து ஒரு ‘ன்னு’ போட்டால் போதும், ஆள் கண்முன்னே நின்றுவிடுவான். ஆங்கிலக்காரன் முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சொல்லாக உறையவைத்ததை நாம் இன்னும் பச்சையாக வாக்கியத்திலேயே வைத்திருக்கிறோம். கதையோ உரையாடலோ மொழிபெயர்க்கிறவர்கள் டிதரைப் பார்த்ததும் ‘தயங்கினான்’ என்று எழுதாமல், எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்கிறானோ அதையே இப்படிக் கேள்வியாக்கிவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். செய்தித் தலைப்புக்கு இது ஒத்துவராது, அங்கே தடுமாற்றம்தான் கதி.

இலக்கணத்தில் ஒன்றே ஒன்று கவனியுங்கள். இந்த வினை செயப்படுபொருளை ஏற்காது. முடிவை டிதர் பண்ண முடியாது. ஒரு விஷயத்தின் ‘ஓவர்’, அல்லது ‘அபௌட்’, அல்லது இரண்டுக்கு ‘பிட்வீன்’ டிதர் பண்ணலாம். திட்டும்போது ‘ஸ்டாப் டிதரிங்’ என்பார்கள். ‘இன் எ டிதர்’ என்றால் முடிவெடுக்காதது இரண்டாம்பட்சம், பதற்றம்தான் முதன்மை. கல்யாண வீட்டில் முகூர்த்தத்துக்கு அரை மணி முன்னால் எல்லாரும் இருக்கும் நிலை.

செயப்படுபொருள் ஏற்காது என்றதற்கு ஒரு விலக்கு உண்டு, அது கணினிக்காரர்களிடம். அவர்கள் படத்தை டிதர் பண்ணுவார்கள். கிஃப் படத்தில் 256 நிறங்களுக்கு மேல் வைக்க முடியாது. வானத்தின் நீலம் மெல்ல வெளிறும் இடத்தைச் சில நிறங்களில் அடக்கினால் பட்டை பட்டையாகத் தெரியும். அதைத் தவிர்க்கப் புள்ளிகளை வேண்டுமென்றே கலைத்துப்போடுவார்கள், தள்ளி நின்று பார்க்கும் கண் இல்லாத நிறத்தைத் தானே கலந்துகொள்ளும். 1976இல் ஃப்ளாயிட், ஸ்டைன்பெர்க் என்ற இருவர் வெளியிட்ட முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு புள்ளியில் நேரும் நிறப் பிழையைப் பதினாறு பங்காக்கி, 7, 3, 5, 1 என்று பக்கத்திலும் கீழேயும் உள்ள நான்கு புள்ளிகளுக்குப் பகிர்ந்துகொடுப்பது. ஒலிப்பதிவில் நுணுக்கத்தைக் குறைத்து 24 பிட்டை 16 ஆக்கும்போதும் துளி இரைச்சலைச் சேர்ப்பார்கள், அதற்கும் இதே பெயர்.

எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் இயந்திரங்களின் ஹைட்ராலிக் வால்வு வேலை தெரிந்தவர்கள் இன்னும் நேரடியாகவே வைத்திருக்கிறார்கள். வால்வுக்குள்ளே முன்னும் பின்னும் நகரும் ஸ்பூல் என்ற தண்டு ஒரே இடத்தில் நின்றால் உராய்வில் ஒட்டிக்கொள்ளும். அதனால் மின்னோட்டத்தில் ஒரு சின்ன அதிர்வைக் கலந்து அதை ஓயாமல் நடுங்கவிடுகிறார்கள். அந்த நடுக்கத்தின் பெயர் டிதர். ஒட்டிக்கொண்டு நிற்கும் ‘ஹெசிடேட்’டுக்கு மருந்தாக டிதரைக் கொடுக்கிறார்கள்! பட்டறையில் மட்டும்தான் இந்தச் சொல்லுக்கு நல்ல பேர்.

உங்கள் மின்னஞ்சலுக்கு வருகிறேன். மேலாளர் விலைப் பட்டியலைப் பரிசீலித்துக்கொண்டிருக்கிறார் என்று ‘ரிவ்யூயிங்’ அல்லது ‘கன்சிடரிங்’ போட்டு எழுதுங்கள், எந்தத் தேதிக்குள் பதில் வரும் என்பதையும் சேருங்கள். அவர் உண்மையிலேயே டிதரராக இருந்தால், ‘போன வாரம் சொன்ன விலையா, இந்த வாரம் சொன்ன விலையா’ என்று கேட்டு ஒரு தனி அஞ்சலை அவருக்கே அனுப்புங்கள். ஐஇஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலத் தேர்வில் எழுதுவதானால், கட்டுரையில் டிதர் சற்று இலகுவான தொனி, அங்கே ‘வேசிலேட்’ போதும். பேச்சுத் தேர்வில் தாராளமாகச் சொல்லலாம், உங்களைப் பற்றியே சொல்லிக்கொண்டால் இன்னும் நல்லது, யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.