இடக்கை ஸ்ட்ராட்டோகாஸ்டர்: தலைகீழ்க் குமிழ் போலிக்கு அடையாளமா?

இடக்கையர்களுக்காக 1960களில் செய்யப்பட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் (ஃபெண்டர் நிறுவனத்தின் மின் கிட்டார்) ஒன்றை வாங்க விரும்பும் வாசகர், அதில் ஒலியை முழுதாகக் கூட்டினால் குமிழ் 1 என்று காட்டுவதையும், பிக்கப்பின் (தந்தியின் அதிர்வை மின்குறியாக்கும் பாகம்) காந்தத் தண்டுகள் தந்திகளுக்குப் பொருந்தாத உயரத்தில் இருப்பதையும் குறிப்பிட்டு, பாகங்கள் மாற்றப்பட்டிருக்குமா என்று கேட்கிறார்.

இவ்விரண்டை மட்டும் வைத்து அவ்வாறு முடிவு செய்ய இயலாது. அக்கால இடக்கை கிட்டார்களில் வலக்கைக்கான பாகங்களே பொருத்தப்பட்டிருப்பது வியப்புக்குரியதன்று. வலக்கைப் பொட்டென்ஷியோமீட்டரின் (குமிழைத் திருப்பும்போது மின்தடையை மாற்றும் பாகம்) இரு ஓர முனைகளை இடம் மாற்றிச் சாலிடர் செய்தால், குமிழை இடஞ்சுழியாகத் திருப்பும்போது ஒலி கூடும். ஆனால் குமிழில் அச்சிட்ட எண்கள் மாறுவதில்லை. கூடவே ஒரு தொல்லையும் வரும்: மடக்கை வகைப் (திருப்பும் அளவுக்குச் சீராக மின்தடை மாறாத) பொட்டென்ஷியோமீட்டராக இருந்தால், பாதிக்கு மேல் திருப்பியும் ஒலி ஏறக்குறைய அப்படியே இருந்து, கடைசிச் சிறு பகுதியில் சட்டென்று விழும். வாசிப்பவருக்கு எரிச்சலூட்டும் குறைதான், எனினும் மோசடிக்குச் சான்றன்று.

காந்தத் தண்டுகளும் அப்படியே. வலக்கை வரிசையில் பி தந்திக்குரிய குட்டைத் தண்டு, இடக்கை கிட்டாரில் ஏ தந்தியின் கீழ் வந்துவிடுகிறது. அதனால் ஏ தந்தி சற்று அடங்கியும் பி தந்தி தூக்கலாகவும் ஒலிக்கும்.

எந்தப் பாகம் கண்ணாடிப் பிம்பமாக மாறியே தீர வேண்டுமோ, அதைத்தான் கூர்ந்து நோக்க வேண்டும். சுருதியை அசைக்க உதவும் ட்ரெமோலோ கைப்பிடிக்கான துளை மெல்லிய தந்திகளின் பக்கமே இருக்குமாதலால், இடக்கை கிட்டாரில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் தகடும் அதன் கீழுள்ள உலோகக் கட்டையும் மறுபக்கம் துளையிடப்பட்டிருக்க வேண்டும். மற்றப் பக்கத்திலும் ஒரு துளை இருந்தால் ஐயம் கொள்ளுங்கள். ஹெட்ஸ்டாக்கின் (கிட்டாரின் தலைப்பகுதி) பின்புறம் டியூனர்களை (தந்திகளை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகாணிகள்) ஒட்டி அடைக்கப்பட்ட பழைய திருகுத் துளைகள் தென்பட்டாலும் அவ்வாறே. (ஒரு பக்கத்துக்கு மூன்றாக டியூனர் அமைந்த கிப்சன் கிட்டார்களில் இந்தச் சோதனை அவ்வளவாக உதவாது; அங்கே இரு கைக்கும் அதே டியூனர்கள்தாம்.)

பணம் கொடுப்பதற்கு முன், பொட்டென்ஷியோமீட்டரின் முதுகைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 3046318 என்றிருந்தால், 304 என்பது ஸ்டாக்போல் நிறுவனத்தையும், எஞ்சியவை 1963ஆம் ஆண்டின் 18ஆம் வாரத்தையும் குறிக்கும். கிட்டார் அதற்கு முன் உருவாகியிருக்க முடியாது. சில மாதங்கள் பிந்தியிருப்பது இயல்பே. பழைய சாலிடர் மங்கலாக, மீண்டும் உருக்கிய தடமின்றி இருக்கிறதா என்பதையும் அதே படத்தில் பார்த்துவிடலாம்.