தாலி கட்டும் நேரத்தில் கேமராவிடம் நான் எதிர்பார்ப்பது

கேள்வி: பத்து ஆண்டுகளாக, உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமராவில் திருமணப் படங்கள் எடுக்கிறேன். அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாற நினைக்கிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும்? மெமரி கார்டுக்கு அவ்வளவு பணம் கொட்டத்தான் வேண்டுமா?

உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்த வரிசையில்தான் எனக்குப் புத்தி வந்தது.

நான் வேலூர்க்காரன். காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு, மேல்விஷாரம் என்று சுற்றுவட்டார மண்டபங்களே என் பிழைப்பு. 2019 தை மாதம், விடியற்காலை முகூர்த்தம் ஒன்று. கையில் ஒரே ஒரு கார்டு போடக்கூடிய மிரர்லெஸ் கேமரா. அதற்குள் 128 ஜிபி என்று அச்சிட்ட கார்டு. மற்ற இடங்களில் கேட்ட விலையில் பாதிக்குக் கிடைத்தது என்று பெருமையோடு வாங்கியது. முந்தின இரவு வரவேற்பு, காலையில் முகூர்த்தம், எல்லாம் அதே கார்டில். எடுக்க எடுக்கத் திரையில் படங்கள் பளிச்சென்று தெரிந்தன. வீட்டுக்கு வந்து கணினியில் போட்டால், வரவேற்பில் பாதி வரை சரி. அதற்குப் பிறகு சாம்பல் நிறப் பட்டைகள், பாதி முகங்கள், திறக்கவே மறுக்கும் கோப்புகள்.

போலிக் கார்டு. உள்ளே இருந்த சில்லு சிறியது. தன்னிடம் 128 ஜிபி இருப்பதாகக் கேமராவிடம் பொய் சொல்லும்படி அமைத்திருக்கிறார்கள். அன்றுதான் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன்: எடுத்த மறுகணம் திரையில் வரும் படம் கேமராவின் தற்காலிக நினைவகத்திலிருந்து வருவது. கார்டில் அது ஒழுங்காகப் பதிந்ததா என்பதற்கு அது சாட்சியே இல்லை.

பெண்ணின் அப்பா சத்தம் போடவில்லை. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வீடியோவில் இருக்கிறதா தம்பி?" என்று மட்டும் கேட்டார். இருந்தது. முழு எச்டி வீடியோவின் ஒரு ஃபிரேமில் 20 லட்சம் புள்ளிகள்தான் உண்டு. தரமாக அச்சிட்டால் ஆறங்குல அகலம் தாண்டாது. அந்த ஆல்பத்தில் வரவேற்புப் படங்கள் பக்கம் முழுவதும் விரிந்து கிடக்கின்றன. தாலி கட்டும் படம் மட்டும் நடுவில் சின்னதாக இருக்கிறது.

ஆகவே என் முதல் நிபந்தனை, இரண்டு கார்டு இடங்கள். ஒவ்வொரு படமும் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிய வேண்டும். 2018-இல் நிக்கான் இசட்6, கேனான் ஈஓஎஸ் ஆர் ஆகியவை ஒரே இடத்தோடு வந்தபோது திருமணப் படக்காரர்கள் போட்ட கூச்சல் உங்களுக்கு நினைவிருக்கும். 2020-இல் வந்த இசட்6 2, கேனான் ஆர்6 இரண்டிலும் இரண்டாவது இடம் வந்துவிட்டது. ஆனாலும் ஒரு குறை. இசட்6 2 போன்றவற்றில் ஓர் இடம் சிஎஃப்எக்ஸ்பிரஸ் என்ற வேகமான கார்டுக்கு, மற்றது வழக்கமான எஸ்டி கார்டுக்கு. இரண்டிலும் ஒரே படத்தைப் பதியச் சொன்னால் மெதுவான கார்டின் வேகம்தான் கிடைக்கும். காளையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டிய கதை. சோனி ஏ7 3-இல் இரண்டும் எஸ்டி என்றாலும் ஒன்று மட்டுமே வேகமான யுஎச்எஸ்-2 இடம், மற்றது மெதுவான யுஎச்எஸ்-1. யுஎச்எஸ் என்பது எஸ்டி கார்டுக்குத் தகவல் போகும் வழி. ஒரே வகையில், ஒரே வேகத்தில் இரண்டு இடம் கேட்பது பேராசையா?

கார்டின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். பெரும்பாலும் அது படிக்கும் வேகம். கணினிக்கு நகலெடுக்கும்போதுதான் உதவும். நமக்கு வேண்டியது எழுதும் வேகம். வி30, வி60, வி90 என்று சின்னதாகப் போட்டிருப்பார்கள். வீடியோ ஓடும்போது விநாடிக்கு 30, 60, 90 மெகாபைட்டுக்குக் கீழே இறங்காது என்பது அதன் உறுதி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 மெகாபிக்சல், அதாவது 2 கோடியே 40 லட்சம் புள்ளி உள்ள கேமராவில், கேமரா பதிந்த தகவல் முழுவதும் இருக்கும் ரா கோப்பு சுருக்கிய பிறகும் ஏறக்குறைய 30 மெகாபைட். விநாடிக்குப் பத்து வீதம், கெட்டிமேளம் முழங்கி அட்சதை விழும் மூன்று விநாடிக்கு முப்பது படம், 900 மெகாபைட். யுஎச்எஸ்-1 வழியின் உச்சமே விநாடிக்கு 104 மெகாபைட். நடைமுறையில் 80 கிடைத்தால் அதிகம். கேமராவின் தற்காலிக நினைவகம் காலியாகப் பதினோரு விநாடிக்கு மேல் ஆகும். நல்ல யுஎச்எஸ்-2 கார்டில் நான்கைந்து விநாடி. அந்த இடைவெளியில் மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட, நாத்தனார் மற்ற இரண்டையும் போட்டு முடித்திருப்பார். உங்கள் கேமரா இன்னும் சிவப்பு விளக்கை எரியவிட்டுக்கொண்டிருக்கும்.

கார்டு வாங்கிய அன்றே கணினியில் போட்டு, முழுக் கொள்ளளவுக்கும் கோப்புகளை நிரப்பி, திரும்ப நகலெடுத்துத் திறந்து பாருங்கள். போலி என்றால் அங்கேயே பல்லிளித்துவிடும். அரை நாள் போகும், போகட்டும்.

இனி கேமரா. பிக்சல் எண்ணிக்கைக்கு மயங்க வேண்டாம். நாம் அச்சிடும் 12×36 ஆல்பத்தில் ஒரு பக்கம் 12×18 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால் 3600 பெருக்கல் 5400, அதாவது 1 கோடியே 94 லட்சம். 24 மெகாபிக்சல் தாராளம். 45, 60 என்று போனால் வன்தட்டு விற்பவருக்குத்தான் கொண்டாட்டம்.

கண்ணைத் தேடிக் குவியம் வைக்கும் வசதிக்காக மட்டுமே மாறலாம் என்பேன். ஐயர் கை குறுக்கே வரும், ஹோமப் புகை வரும், அத்தனையிலும் பெண்ணின் கண்ணை விடாமல் பிடிக்கிறது. ஆனால் ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம் நிக்காவுக்குப் போனால் மாப்பிள்ளையின் முகத்தில் தொங்கும் பூச்சரத்தில் ஏமாந்து பூவைப் பிடித்துக்கொள்ளும். அங்கே குவியப் புள்ளியை நானே வைக்கிறேன்.

சத்தமில்லாத ஷட்டரை விளம்பரங்களில் பெரிதாகச் சொல்வார்கள். தவிலும் நாதஸ்வரமும் முழங்கும் மேடையில் சம்மட்டியால் அடித்தாலும் யாருக்கும் கேட்காது! தேவாலயத் திருமணத்திலும் நிக்கா ஓதும்போதும் அது நிஜமாகவே வரம். மண்டபத்தில் மட்டும் அணைத்து வையுங்கள். இப்போது மேடைக்குப் பின்னால் எல்இடி திரை வைக்காத வரவேற்பே இல்லை. சத்தமில்லாத ஷட்டர் என்பது மின்னணு ஷட்டர். அது படத்தைப் பதியும் சில்லான சென்சாரை வரி வரியாகப் படிக்கிறது. அதற்குள் எல்இடி பல முறை மினுக்கிவிடுகிறது. பெண்ணின் முகத்தில் கறுப்புப் பட்டைகள் விழுகின்றன. சென்சார் முழுவதையும் ஒரே கணத்தில் படிக்கும் சோனி ஏ9 3 வந்திருக்கிறது. அதன் விலைக்கு நான் இரண்டு பருவம் உழைக்க வேண்டும்.

பேட்டரி விஷயத்தில் மட்டும் மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். ஜப்பானியக் கேமராத் தொழில் சங்கத்தின் சோதனை முறைப்படி நிக்கான் டி750 ஒரு சார்ஜில் 1230 படம். இசட்6 அதே சோதனையில் 310. நடைமுறையில் இதைவிட அதிகமே கிடைக்கும் என்றாலும், மாலை வரவேற்பில் தொடங்கி மறுநாள் காலைப் பந்தி வரைக்கும் நான்கு பேட்டரி இல்லாமல் நான் படியேறுவதில்லை. வெயிலுக்கும் இதே எச்சரிக்கை. வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் காலையிலிருந்து நின்று பாருங்கள். கத்திரி வெயிலில் கறுப்புக் கேமரா தோசைக்கல்லாகிவிடும். தொடர்ந்து வீடியோ எடுத்தால் வெப்ப எச்சரிக்கை வரும். வேகமான கார்டும் தொடச் சுடும். படம் எடுக்காத நேரமெல்லாம் வெள்ளைத் துண்டால் மூடி வைக்கிறேன்.

கையாட்டத்தைத் தாங்கும் சென்சார் வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் யாளித் தூண்களுக்கு நடுவே நின்று பார்த்தால் அந்தச் சந்தேகம் தீரும். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. முக்காலிக்கு அனுமதி வாங்க வேண்டும். அரையிருட்டில், ஷட்டர் எட்டில் ஒரு விநாடி திறந்திருக்கும்படி வைத்து வெறுங்கையில் எடுத்தேன், தூணில் செதுக்கிய குதிரையின் கடிவாளம் வரைக்கும் தெளிவாக வந்தது.

உங்கள் பணத்தைப் பிரிப்பது நான் என்றால், இரண்டு எஸ்டி இடமுள்ள 24 மெகாபிக்சல் கேமரா, பழையதாக இருந்தாலும் சரி. மிச்சத்தில் வி60 கார்டுகள் நான்கு, நம்பிக்கையான கடையில், ரசீதோடு. கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். ஒரு கார்டு வீட்டில், மறு கார்டு சட்டைப்பையில். ஆல்பம் கைமாறும் வரை இரண்டையும் அழிக்காதீர்கள்.

அந்த ஒற்றைக் கார்டு கேமராவை நான் விற்கவில்லை. ஞாயிறு விடிகாலையில் கோட்டை அகழி ஓரம் நீர்க்காகங்களை எடுக்க எடுத்துப் போகிறேன். அவற்றுக்கு ஆல்பம் போட்டுக் கொடுக்க வேண்டியதில்லை.