கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குப் பழைய சாலையில் காரில் போனால் வழியில் என்ன பார்க்கலாம்?

தாராளமாகப் போகலாம். ஆனால் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். பிள்ளைகளும் வயதான பெற்றோரும் கூட வருகிறார்கள், டோல் நெடுஞ்சாலையை விட்டு முதலாம் எண் கூட்டரசுச் சாலையில் போனால் நின்று பார்க்க ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, நிறையவே உண்டு. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994-ல் முழுமையடைவதற்கு முன்பு வடக்கே போக இதுதான் பெரிய ரோடு. இப்போது ஒவ்வொரு ஊரிலும் சமிக்ஞை விளக்கு, இடையிடையே லாரி என்று நேரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். அதனால் இரண்டு நாள் ஒதுக்கி, இரவு ஈப்போவில் தங்குங்கள்.

ரவாங் வரைக்கும் நெரிசல்தான், சீக்கிரம் கிளம்பித் தாண்டிவிடுங்கள். பசியாறத் தஞ்சோங் மாலிம் சரியாக இருக்கும். அந்த ஊர் பாவ், அதாவது ஆவியில் வேகவைத்த ரொட்டி, பேர்போனது. 1922-ல் மலாய் ஆசிரியர்களுக்காகத் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியும் அங்கேதான் இருக்கிறது, இன்று அது பல்கலைக்கழகம். அடுத்து சிலிம் ரிவர். 1942 ஜனவரி 7 விடியற்காலையில் ஜப்பானிய டாங்கிகள் இதே சாலை வழியாகத்தான் பாய்ந்து வந்து இந்தியப் படைப்பிரிவைச் சிதறடித்தன. நான்கே நாளில் கோலாலம்பூர் விழுந்தது. வண்டியை நிறுத்த வேண்டாம், ஓட்டிக்கொண்டே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். டாங்கி வந்த ரோட்டில்தான் நாமும் போகிறோம் என்றால் நிமிர்ந்து உட்காருவார்கள். பீடோரில் கொய்யாவும் பெத்தாய் என்ற காட்டு அவரையும் விற்கும் ஒட்டுக்கடைகள் இருக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். தாப்பாவில் கேமரன் மலைக்குத் திரும்பும் பலகை ஆசை காட்டும். இந்தப் பயணத்தில் அதைச் சேர்க்காதீர்கள், அது தனிப் பயணம்.

கோப்பெங் வந்ததும் பத்து காஜா சாலையில் திரும்பி கெல்லி கோட்டைக்குப் போங்கள். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-ல் கட்டத் தொடங்கிய மாளிகை அது. 1926-ல் அவர் லிஸ்பனில் இறந்துபோனார், மாளிகை முடியாமலே நின்றுவிட்டது. சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் பேய்க் கதை கேட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அந்தக் கோட்டையைவிடப் பக்கத்திலிருக்கும் மாரியம்மன் கோயில்தான் முக்கியம். மாளிகை கட்டத் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களில் பலர் ஸ்பானிஷ் காய்ச்சலில் மாண்டார்கள். மிஞ்சியவர்கள் அம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்க, ஸ்மித் கட்டிக்கொடுத்தார். மேலே சாமி சிலைகளுக்கு நடுவில் கோட்டும் தொப்பியுமாக ஒரு துரை நிற்பார், அவர்தான் ஸ்மித் என்று சொல்வார்கள். சுண்ணாம்பும் செங்கல்லும் சுமந்து இறந்தவர்களின் பெயர் எங்கேயும் பொறிக்கப்படவில்லை. அவர்கள் கேட்டு வாங்கிய கோயிலில் மட்டும் இன்றும் விளக்கு எரிகிறது. கோட்டையோடு திரும்பிவிடாமல் அங்கேயும் போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

ஈப்போவில் 1917-ல் கட்டி முடித்த ரயில் நிலையம், சுண்ணாம்புக் குன்றுகளைக் குடைந்த குகைக் கோயில்கள், வெள்ளைக் காப்பி எல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். நான் சொல்வது புந்தோங். நம் ஆட்கள் கச்சாங் பூத்தே வறுக்கும் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. முறுக்கு, ஓமப்பொடி, காரக்கடலை என்று சுடச்சுட வாங்கலாம், மறுநாள் முழுக்கக் காருக்குள் அதுதான் தீனி.

இரண்டாம் நாள் பயணம்தான் என் மனதுக்கு நெருக்கமானது. ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட். 1948 ஜூன் 16-ல் இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுடப்பட்ட பிறகுதான் கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் பிரகடனமானது. நமக்கு அதைவிடப் பெரிய சேதி, இது ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தனின் ஊர் என்பது. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கி, லயத்தில் இருந்த குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்து நின்றபோது, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் திரட்டி 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார் அவர். பால்மரம் வெட்டியவர்களே தோட்டத்துக்குப் பங்குதாரர் ஆனார்கள். உங்கள் அப்பா அம்மாவுக்கு நிச்சயம் நினைவிருக்கும், கிளறிவிட்டுக் கேளுங்கள். ஊருக்குள் மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப்பள்ளி இருக்கிறது, அதுவும் அவர் முயற்சியில் எழுந்ததுதான்.

அங்கிருந்து கோலகங்சார் பக்கம்தான், பேராக் ஆற்றின் மேல் சுல்தான் இஸ்கந்தர் பாலத்தைக் கடந்தால் வந்துவிடும். தங்கக் குவிமாடங்களுள்ள உபுடியா பள்ளிவாசலை எல்லோரும் பார்ப்பார்கள், நீங்களும் பாருங்கள். பிறகு மாவட்ட நில அலுவலகம் இருக்கும் பக்கம் போனால் வேலிக்குள் ஒரு வயதான ரப்பர் மரம் நிற்கும். பிரேசிலிலிருந்து லண்டனுக்கும், அங்கிருந்து கிழக்கேயும் வந்த ரப்பர் நாற்றுகளில் சிலவற்றை 1877-ல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ இந்த ஊரில் நட வைத்தார். அவற்றில் மிஞ்சியது இந்த ஒரு மரம் மட்டுமே. நம் தாத்தா பாட்டிமார் கப்பல் ஏறியதற்கும், காலை இருட்டில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போனதற்கும் இங்கே நட்ட நாற்றுகள்தான் தொடக்கம். என் தாத்தாவும் பால் வெட்டியவர்தான். அந்த மரத்தடிக்கு என் பிள்ளைகளை வேண்டுமென்றே கூட்டிப்போய்க் காட்டினேன். பினாங்கில் அவர்கள் பார்க்கும் எந்தச் சுவரோவியத்தையும்விட இது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கோலகங்சாரைத் தாண்டினால் பாடாங் ரெங்காஸ், அப்புறம் வளைந்து வளைந்து மலையேறும் சாலை. வாந்தி வரும் பிள்ளைகளை முன்கூட்டியே கவனித்துக்கொள்ளுங்கள். தைப்பிங்கில் பெரியவர்களுக்கு ஓய்வு கொடுங்கள். பழைய ஈய லம்பத்தையே, அதாவது ஈயச் சுரங்கத்தையே, ஏரிப் பூங்காவாக மாற்றியிருக்கிறார்கள், கரையிலிருந்து தூங்குமூஞ்சி மரங்கள் தண்ணீரைத் தொடும் அளவுக்குச் சாய்ந்திருக்கும். தீபகற்பத்திலேயே அதிகம் மழை பெய்யும் ஊர், குடை அவசியம். நேரமிருந்தால் 1883-ல் தொடங்கிய பேராக் அருங்காட்சியகமும் பக்கத்தில்தான்.

பாகான் செராய், பாரிட் புந்தார் பக்கம் இருபுறமும் வயல். பாரிட் புந்தாரைத் தாண்டி நிபோங் திபால் வந்ததும் பினாங்கு எல்லைக்குள் வந்துவிடுவீர்கள். பட்டர்வொர்த் பெரிப் படகில் இப்போது கார் ஏற்றுவதில்லை, அதனால் பாலத்தில்தான் கடக்க வேண்டும். 1985-ல் திறந்த முதல் பாலம் ஜார்ஜ்டவுனுக்குக் கிட்டே கொண்டுபோய் விடும். பாயான் லெப்பாஸ் பக்கம் தங்குவதாக இருந்தால் பத்து காவானில் திரும்பி இரண்டாம் பாலத்தைப் பிடியுங்கள். மாலை வேலை முடியும் நேரத்தில் முதல் பாலம் நகராது, நான்கு மணிக்குள் அதைத் தாண்டிவிடப் பாருங்கள்.