வேலை எனக்குத் தெரியும், பதவி அவருக்குப் போனது

வணக்கம் மேடம்,

எனக்கு வயது 36. பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியன். பட்டர்வொர்த்திலிருந்து பாலம் தாண்டிப் போய் வருகிறேன். மெஷின் நின்றால் ராத்திரி இரண்டு மணிக்கும் எனக்குத்தான் போன் வரும். அண்மையில் சீனியர் டெக்னீஷியன் பதவி காலியானது. எனக்குப் பின்னால் சேர்ந்து, என்னிடமே வேலை கற்றவருக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள். அவரும் தமிழர்தான், அதனால் இனத்தைக் காரணம் சொல்ல முடியாது. வேலையில் சுமார். ஆனால் மேனேஜரோடு பூட்சால் ஆடுவார், மாமாக் கடையில் எல்லாருக்கும் தே தாரிக் வாங்கித் தருவார். நான் ஷிப்ட் முடிந்ததும் பிள்ளையை அழைத்துவர ஓட வேண்டும். வெட்டிப் பேச்சும் எனக்கு வராது. யாராவது சந்தேகம் கேட்டால் ‘மேனுவலில் இருக்கு, பாருங்க’ என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். இனி நானும் காக்கா பிடிக்க வேண்டுமா?

– பினாங்கு வாசகி

அன்புச் சகோதரி,

உங்கள் ஆத்திரம் நியாயமானது. அதோடு, உங்கள் தொழிற்சாலையில் மட்டும் நடக்கிற கூத்தும் இல்லை இது. தீசியானா காசியாரோ, மிகெல் சோசா லோபோ என்ற இரு ஆய்வாளர்கள் 2005ஆம் ஆண்டு ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூவில் இதைப் பற்றி எழுதினார்கள். யாரோடு வேலை செய்ய விருப்பம் என்று கேட்டால், திறமைசாலியோடு என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். நடைமுறையில் வேறு மாதிரி. ஒருவரைப் பிடிக்காவிட்டால், அவருக்கு எவ்வளவு தெரிந்திருந்தாலும் அவரிடம் போவதில்லை. பிடித்தவரிடம் கொஞ்சம் திறமை இருந்தாலே போதும், தேடிப் போகிறார்கள். அந்த ஆய்வு பதவி உயர்வைப் பற்றியது அல்ல. ஆனால் மேனேஜரும் மனிதர்தானே.

அடிக்கடி பார்க்கிற முகம் மெல்ல மெல்லப் பிடித்துப் போகும் என்பதை ராபர்ட் சயன்ஸ் என்ற உளவியலாளர் 1968இலேயே காட்டியிருக்கிறார். பூட்சால் திடலில் நடப்பதும் அதுதான். பிள்ளையை அழைத்துவர ஓடும் தாய்க்கு அந்தத் திடலில் இடமில்லை. இந்த அநியாயத்தை உங்கள் குணக்கோளாறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, அந்த மேனுவல் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன். ஒருமுறை அப்படிப் பதில் வாங்கியவர் இரண்டாவது முறை உங்களிடம் வரமாட்டார். அந்தச் சகஊழியரிடம் போவார். அவர் அரைகுறையாகச் சொன்னாலும் உட்கார்ந்து சொல்வார். சீனியர் டெக்னீஷியனின் வேலையில் பாதி, மற்றவர்கள் கொண்டுவரும் சிக்கலைக் கேட்பதுதான். மேனேஜர் நண்பனுக்குச் சலுகை காட்டியிருக்கலாம். இதையும் பார்த்திருக்கலாம். இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கும் என்பது என் ஊகம்.

காக்கா பிடிக்க வேண்டாம், உங்களுக்கு அது வரவும் வராது. ஷிப்ட் மாறும்போது ஐந்து நிமிடம் ஒதுக்கி, புதுசாக வந்த ஒருவருக்கு மெஷின் பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொடுங்கள். மாமாக் கடைக்குப் போக முடியாவிட்டால் ஓய்வு நேரத்தில் கேண்டீனில் அவர்களோடு உட்காருங்கள். சும்மா கேட்டுக்கொண்டிருந்தாலே போதும்.

அப்புறம், மேனேஜரிடம் தனியாக நேரம் கேளுங்கள். “அவருக்கு ஏன் கொடுத்தீர்கள்” என்று ஆரம்பித்தால் பேச்சு சண்டையில் முடியும். “அடுத்த முறை எனக்குக் கிடைக்க என்னிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள்” என்று கேளுங்கள். அவர் சொன்னதை அன்றே அவருக்கு மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள். பெண் என்பதாலோ தாய் என்பதாலோ ஒதுக்கியதாகத் தெரிந்தால் அது வேறு கதை: 2023 ஜனவரி 1 முதல், மலேசிய வேலைச் சட்டத்தின் 69F பிரிவுப்படி, பாகுபாடு தொடர்பான தகராறுகளைத் தொழிலாளர் இலாகா விசாரிக்கலாம்.

மேனேஜர் மழுப்பினால் வெளியில் வேலை தேடத் தயங்காதீர்கள். 1972இல் தடையற்ற வர்த்தக மண்டலம் தொடங்கிய இடம் பாயான் லெப்பாஸ், அக்கம்பக்கமெல்லாம் தொழிற்சாலைதான். ராத்திரியில் வந்த போன்களையும், எந்த மெஷினை எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதையும் தேதியோடு எழுதி வையுங்கள். அப்ரைசலுக்கும் உதவும், இன்டர்வியூவுக்கும் உதவும்.