ஆவணியில் பிரிந்தவர்கள்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

செம்மணல் மேடான தேரிக்காட்டுப் பனையேறிகளைப் பற்றித் தாங்கள் சென்ற மாதம் எழுதிய கட்டுரையை வாசித்தேன். மாசி முதல் ஆடி வரை விடிலி என்னும் ஓலைக் கொட்டகையில் ஒன்றாக இருந்து கருப்பட்டி காய்ச்சிய கணவனும் மனைவியும், பருவம் முடிந்ததும் அவர் எர்ணாகுளத்துக்குக் கட்டட வேலைக்கும், அவள் தாய்வீட்டுக்குமாகப் போனதைச் சொல்லியிருந்தீர்கள். பிரிவைக் குறித்து இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை என்று முடித்திருந்தீர்கள். என் ஆச்சியும் தாத்தாவும் உடன்குடிப் பக்கம் இதே தொழில் செய்தவர்கள். விடிலி என்றாலே ஆச்சி புகையைப் பற்றித்தான் பேசுவாள். ஆடி முடிந்தால் கண்ணெரிச்சல் தீரும் என்பாள். அப்படியிருக்க அந்தப் பிரிவை ஏன் அவ்வளவு துயரமாகக் காட்டினீர்கள்? அவர்கள் உண்மையிலேயே எதுவும் பேசவில்லையா, அல்லது தங்கள் காதில் விழவில்லையா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் ஆச்சி சொன்ன புகையிலிருந்தே தொடங்குகிறேன். பனையேறுபவரின் உடல் வலியை நான்கு பத்திகளில் எழுதிய நான், அடுப்பின் முன் இருந்தவரின் வலியை ஒரே வரியில் கடந்துவிட்டேன். அது குறைதான். விடியுமுன் ஏறத் தொடங்கும் அண்ணாச்சி நாற்பது மரத்துப் பதநீரையும் இறக்கி முடிக்கும்போது வெயில் ஏறிவிடும். அதை வடிகட்டிப் பெரிய தாச்சியில் ஊற்றி, உடைமுள்ளும் காய்ந்த மட்டையும் ஓலையும் அடுப்பில் தள்ளித் தள்ளி மூன்று நான்கு மணி நேரம் காய்ச்சுவது முழுக்க முழுக்க அவர் மனைவியான அக்காவின் வேலை. எட்டுப் பத்து லிட்டர் பதநீர் வற்றினால்தான் ஒரு கிலோ கருப்பட்டி. பாகு பதத்துக்கு வரும் நேரத்தில் காற்று திசை மாறிப் புகை முகத்தில் அடித்தாலும் கிண்டுவதை நிறுத்திவிட்டு எழுந்து போக முடியாது. குனிந்தே நுழைய வேண்டிய ஓலைக் கொட்டகைக்குள், சித்திரை வைகாசி வெயிலில், இதை நாள் தவறாமல் செய்த ஒருவருக்கு ஆடி முடிவது விடுதலையாகத்தான் இருந்திருக்கும். உங்கள் ஆச்சியின் சொல்லை நான் அப்படியே ஏற்கிறேன்.

ஆனாலும் அந்தப் பிரிவைத் துயரம் என்று எழுதியதை நான் திரும்பப் பெற மாட்டேன். பதநீர் சொட்டும் பூம்பாளையைச் சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்துவிடும். காய்ந்த பாளை அந்தப் பருவத்துக்குப் பயன்படாது. ஆகவே சொந்தத்தில் கல்யாணமோ சாவோ எது வந்தாலும், அண்ணாச்சியும் அக்காவும் சேர்ந்து போய் ஓர் இரவு தங்கிவர வழியில்லை. ஊரிலிருந்து செம்மணலில் கால் புதையப் புதைய நடந்து வரவேண்டிய இடத்தில், குடிக்கிற தண்ணீரையும் தலையில் சுமந்துவந்து, ஆறு மாதம் அவர்கள் இருவர் மட்டுமே ஒருவருக்கொருவர் துணை. பதநீர் பிடிக்கும் கலயத்தின் உள்ளே அண்ணாச்சி தடவும் சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் புளித்துவிடும். புளித்துப்போனதை எவ்வளவு காய்ச்சினாலும் கருப்பட்டியாக உறையாது. சுண்ணாம்பு கூடினால் சுவை கெட்டுப்போகும். அதனால் அண்ணாச்சி விடியற்காலையில் தலைவலியோடு ஏறினாரா, மனக்கவலையோடு ஏறினாரா என்பது, அவர் வாய் திறப்பதற்கு முன்பே, பாகு கொதிக்கிற விதத்தில் அக்காவுக்குத் தெரிந்துவிடும். இதை அக்காவே என்னிடம் சொன்னார். அண்ணாச்சி எர்ணாகுளத்துக்குப் போன பிறகு அவருடைய உடம்பையும் மனதையும் அறிய அக்காவுக்குக் கைபேசி மட்டும்தான் மிச்சம். அதில் சாப்பிட்டாயா என்று கேட்கலாம்; சாப்பிட்டேன் என்ற பதில் வரும்.

நம் அகப்பாடல்களில் பிரிவு பாலைக்கு உரியது. தலைவன் பொருள் தேடிச் சுரம் கடந்து போவான், தலைவி மனையில் காத்திருப்பாள். அந்தப் பாலைக்குத் தொல்காப்பியம் வகுத்த பெரும்பொழுது, இளவேனிலும் முதுவேனிலுமான வேனில். பின்பனியும் அதற்கு உரியதே. மாசியில் தொடங்கி ஆடியில் முடியும் அந்த மூன்று பொழுதுகளையும் சேர்த்துப் பாருங்கள், ஏறத்தாழ அப்படியே பனையேற்றின் பருவம். ஆனால் இவ்விருவரும் அந்த ஆறு மாதமும் சுடுமணலுக்கு நடுவே ஒன்றாகவே இருக்கிறார்கள். ஆவணியில் கார் பிறக்கும். முல்லைப் பாடல்களில் வினைமேல் சென்ற தலைவன் திரும்பி வருவதாகச் சொல்லிப் போன பருவம் அது. இவர்கள் பிரிவது அப்போதுதான். பொருளைத் தேடிச் சேர்ந்திருந்து, மழை வரும்போது பிரிகிற இந்த வாழ்க்கையை அந்தக் கட்டுரையில் நான் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

பேசவில்லையா என்று கேட்டிருந்தீர்கள். கடைசி நாள் முழுதும் அவர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். எத்தனை கலயம் கீறல் விட்டிருக்கிறது, ஏறும்போது காலில் மாட்டும் தளைநாரை எலி கடிக்காமல் எங்கே கட்டித் தொங்கவிடுவது, பாளை அருவாளுக்கு எண்ணெய் தடவியாயிற்றா, சிரட்டைகளை எந்தச் சாக்கில் கட்டுவது, இவைதான் பேச்சு. அன்று இறங்கிய பதநீர் விற்கிற அளவுக்குக் காணாது. அக்கா அதில் சுக்குத் தட்டிப்போட்டுக் காய்ச்சி, சின்னச் சின்னச் சில்லுகளாக ஊற்றி, ஓலைக்கொட்டானில் அடுக்கி, அண்ணாச்சியின் பைக்குள் துணிகளுக்கு அடியில் வைத்தார். அவர் அதைப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. அந்த இடத்தில் நான் விடைபெற்று வந்துவிட்டேன். அதன் பிறகு பேருந்து நிறுத்தம் வரை அவர்கள் நடந்து போனதை நான் பார்க்கவில்லை. பார்க்காத ஒன்றைப் பற்றி ‘பேசவில்லை’ என்று எழுத எனக்கு உரிமையில்லை என்பதை உங்கள் கடிதம்தான் உணர்த்தியது.

இன்னொன்றையும் கட்டுரையில் விட்டுவிட்டேன். மழைக்காலத்தில் பனையேறி வீட்டில் காசு இருக்காது. அடுத்த பருவத்துக்கான முன்பணத்தை வியாபாரியிடம் அப்போதே வாங்குவார்கள். வாங்கிவிட்டால், காய்ச்சுகிற கருப்பட்டியையெல்லாம் அவருக்கே, அவர் வைத்த விலைக்கே போட்டாக வேண்டும். இந்த ஆண்டோடு அந்தக் கணக்கை முடித்துவிட வேண்டும் என்று அக்கா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

உங்கள் கடிதம் வந்தபின், சென்ற வாரம் தேரிக்குப் போனேன். விடிலிக்குப் புது ஓலை வேய்ந்திருந்தார்கள். அண்ணாச்சி மரத்தில் இருந்தார். அக்கா அடுப்பின் முன் இருந்தார். உங்கள் கேள்வியை அவரிடமே கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாகிலிருந்து பார்வையை எடுக்காமல் சொன்னார்:

“நீங்க போன பொறவு பஸ்ஸுக்கு நிக்கும்போது கேட்டேன், அடுத்த வருசத்துக்கும் முன்பணம் வாங்கிட்டியளான்னு. ஆமான்னாவ. அதுக்குப் பொறவு என்னத்தப் பேச? பஸ்ஸும் வந்துட்டு.”