பிசிறில்லாத கோடு: சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தில் பெயிண்ட் அடிப்பது எப்படி?

கேள்வி: சீலிங்குக்கு வெள்ளை, சுவருக்கு இளம்பச்சை. ஆள் வைக்காமல் நானே அடிக்கிறேன். டேப் ஒட்டித்தான் அடித்தேன். உரித்துப் பார்த்தால் ஓரம் முழுக்கப் பல் பல்லாக இருக்கிறது. கோடு நேராக வர என்ன செய்வது? ஏற்கெனவே கெட்டுப்போனதைச் சரிசெய்ய முடியுமா?

பதில்:

டேப் மேல் பழி போடாதீர்கள். நம் ஊர் வீடுகளில் சுவரும் சீலிங்கும் சேரும் மூலை நேராக இருப்பதே அபூர்வம். அது நேராக இருக்கிறது என்று நம்பி, அதன் மேலேயே கோடு போடப் பார்க்கிறோம். பாதிக் கோளாறு அங்கேதான். மீதிப் பாதி, டேப் ஒட்டினால் பெயிண்ட் உள்ளே புகாது என்ற நம்பிக்கை.

நான் பெயிண்டர் இல்லை. திருச்சியில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். ஐந்து வருடத்துக்கு முன்னால் பொங்கல் சமயத்தில் மாடி அறைக்குக் கூலி விசாரித்தேன். தொகையைக் கேட்டதும் "ஒரு ரூம்தானே, நானே அடிச்சுக்கறேன்" என்று இறங்கிவிட்டேன். ஸ்டேஷனரிக் கடையில் வாங்கிய மலிவான டேப்பைச் சீலிங் ஓரமாக ஒட்டி, சுவருக்கு ரெண்டு கோட் அடித்து, மறுநாள் சாவகாசமாகக் காபி குடித்துவிட்டு உரித்தேன். சில இடங்களில் நிறம் டேப்புக்கு அடியில் புகுந்து சீலிங்கில் பல் முளைத்திருந்தது. சில இடங்களில் காய்ந்த பெயிண்ட் டேப்போடு சேர்ந்து தோலாக உரிந்தது. ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்குப் பழைய பூச்சே பொருக்காகக் கையில் வந்துவிட்டது. அதைத் திருப்பிப் பார்த்தேன். மேலே வெள்ளை, அடியில் நீலம், அதற்கும் அடியில் ரோஸ், கடைசியில் வெறும் சுண்ணாம்பு. அந்த வீடு பார்த்த பொங்கல்கள் எல்லாம் வரிசையாக இருந்தன.

அடுத்த தெருவில் வயதான பெயிண்டர் ஒருவர் இருக்கிறார். வெட்கத்தை விட்டு அவரைக் கூப்பிட்டேன். வந்தவர் பிரஷைத் தொடவே இல்லை. "சார், நூல் இருக்கா?" என்றார். பூக்கட்டும் நூலைக் கொடுத்தேன். ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொல்லி, அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு, சீலிங்கை ஒட்டி இழுத்துப் பிடித்தார். நடுவில் நூலுக்கும் சீலிங்குக்கும் இடையே என் சுண்டுவிரல் நுழைந்தது. ஜன்னலுக்கு மேலே நூல் சீலிங்கில் இடித்தது. "இதுல எங்க சார் நேர்கோடு வரும்? மேஸ்திரி விட்டதை நீங்க பிரஷால நிமித்தப் பாக்கறீங்க" என்றார்.

காரணம் எளிது. மேல்தளத்துக்கு சென்ட்ரிங் (கான்கிரீட் ஊற்றத் தகடுகளால் கட்டும் தாங்கி) அடிக்கும்போதே தகட்டுக்குத் தகடு கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருக்கும். அதை மறைக்கிற அளவுக்குச் சீலிங் பூச்சில் கனம் கிடையாது. உள்சுவருக்கு 12 மில்லிமீட்டர் பூசினால் சீலிங்குக்கு வழக்கம் 6 மில்லிமீட்டர்தான். கனமாகப் பூசினால் பிடிக்காமல் பெயர்ந்து விழும். ஆகவே மேடு பள்ளம் அப்படியே மூலையில் வந்து நிற்கிறது. கொத்தனாரும் மூலைக்கு வரும்போது கரணையை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு இறங்கிவிடுவார்.

அதனால் முதல் வேலை, கோட்டை மூலையில் போடுவதா, கீழே இறக்குவதா என்று முடிவு செய்வது. நூல் பிடித்துப் பாருங்கள். இடைவெளி நூல் கனத்துக்குள் இருந்தால் மூலையிலேயே போடலாம். அதற்கு மேல் இருந்தால் சீலிங்கின் வெள்ளையைச் சுவரில் கொஞ்சம் கீழே இறக்கி, அங்கே புதிதாக ஒரு நேர்கோடு போடுங்கள். எவ்வளவு இறக்குவது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அரை இன்ச் போதும் என்று இறக்கினால், அந்த வெள்ளைப் பட்டை ஓரிடத்தில் கால் இன்ச்சாகவும் இன்னோரிடத்தில் அரை இன்ச்சாகவும் நிற்கும். ஒன்று மற்றொன்றைப் போல இரண்டு மடங்கு, அது பளிச்சென்று தெரியும். மூன்று இன்ச் இறக்கினால் அதே கால் இன்ச் வித்தியாசம் பன்னிரண்டில் ஒரு பங்குதான், கண்ணில் படவே படாது. பழைய வீடுகளில் மேலே ஒரு சாண் வெள்ளை விட்டு, அதற்குக் கீழே நிறம் அடித்திருப்பார்கள். நான் அது ஏதோ பழைய காலத்து ரசனை என்று நினைத்திருந்தேன். கோணலை மறைக்கும் வேலையையும் அது செய்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. உயரம் குறைந்த அறையில் ஒரு சாண் இறக்கினால் சுவருக்குத் தொப்பி வைத்த மாதிரி ஆகிவிடும். அங்கே இரண்டு, மூன்று இன்ச்சோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இந்தக் கோட்டுக்கு ரசமட்டம் வைக்காதீர்கள். நான் அந்தத் தப்பையும் செய்தேன். சீலிங்கே ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால், சுத்தமான மட்டத்தில் போட்ட கோடு அந்தத் தாழ்வைக் காட்டிக்கொடுக்கும். இரண்டு மூலையிலும் சீலிங்கிலிருந்து ஒரே அளவு இறக்கிக் குறித்து, அவற்றுக்கு நடுவே நூல் பிடித்து, ஒன்றரை அடிக்கு ஒரு பென்சில் புள்ளி வையுங்கள். கோடு சீலிங்கோடு சேர்ந்து போனால் போதும். நூலில் நீலம் தடவிச் சுண்டிவிடுவது கொத்தனாருக்குச் சரி. பெயிண்டுக்கு வேண்டாம், வெள்ளையோடு கலந்து இளநீலக் கறையாக நிற்கும். பென்சிலையும் அழுத்தாமல் வையுங்கள்.

டேப் ஒட்டுவதற்கு முன் மூலையைப் பாருங்கள். உங்களுடையது மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையா? அப்படியானால் சீலிங்குக்குச் சற்றுக் கீழே சுவரில் முடி போல ஒரு விரிசல் நீளவாக்கில் ஓடலாம். வெயிலில் தளம் விரிகிறது, இரவில் சுருங்குகிறது, அடியிலுள்ள செங்கல் சுவர் அந்த அளவுக்கு அசைவதில்லை. அதில் பட்டி வைத்து மூடினால் அடுத்த கோடைக்குள் மறுபடி வாய் திறக்கும். கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கிற அக்ரிலிக் சீலன்ட் வைத்து, ஈர விரலால் வழித்துவிடுங்கள். கடைக்காரர் சிலிகான் எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், அதன் மேல் பெயிண்ட் ஒட்டாது. பழைய சுண்ணாம்போ, தொட்டால் மாவாக வரும் டிஸ்டெம்பரோ இருந்தால் தகட்டால் சுரண்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, தூசியைத் துடைத்து, பிரைமர் அடித்த பிறகுதான் டேப். இல்லையென்றால் எனக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும்.

சரி, இப்போது முக்கியமான தந்திரம். முதலில் சீலிங்குக்கு வெள்ளை இரண்டு கோட். அது கோட்டைத் தாண்டிச் சுவரில் இறங்கட்டும். ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். வெள்ளையில் பென்சில் புள்ளிகள் மறைந்திருந்தால் மறுபடி நூல் பிடித்து வையுங்கள். பெயிண்ட் கடையில் கிடைக்கும் மாஸ்கிங் டேப்பை, அதன் கீழ் ஓரம் பென்சில் புள்ளிகளில் நிற்கும்படி ஒட்டுங்கள். துண்டு துண்டாக ஒட்டினால் ஒவ்வொரு இணைப்பிலும் கோடு உடையும். ஒரு முனையை ஒட்டிவிட்டு ஆறேழு அடி உருவி, லேசாக இழுத்துப் பிடித்தால் டேப்பே நூல் மாதிரி நேராக நிற்கும். அப்படியே சுவரில் படியவிடுங்கள். இதற்கு இன்னொரு ஆள் வேண்டும். என் வீட்டில் மனைவி ஒரு ஸ்டூலில், நான் ஒரு ஸ்டூலில். பதினைந்து நிமிடத்தில் இரண்டு சண்டை. ஆனால் கோடு நேராக வந்தது. ஒட்டியதும் பழைய ஏடிஎம் கார்டை வைத்து டேப்பின் கீழ் ஓரத்தை மட்டும் அழுத்தித் தேயுங்கள்.

அப்புறம் பச்சையை எடுக்காதீர்கள். மறுபடி அதே வெள்ளையை எடுத்து, டேப்பின் கீழ் ஓரத்தின் மேல் மெலிதாக ஒரு இழுப்பு இழுங்கள்.

சுவர் கண்ணாடி இல்லை. எவ்வளவு அழுத்தினாலும் டேப்புக்கு அடியில் சின்னச் சின்னச் சந்து இருக்கத்தான் செய்யும், அதில் ஏதாவது ஒன்று கசியத்தான் போகிறது. கசிவது வெள்ளையாக இருக்கட்டும். ஏற்கெனவே வெள்ளையாக இருக்கும் இடத்தில் வெள்ளை கசிந்தால் யாருக்குத் தெரியும்? அது காய்ந்ததும் சந்தெல்லாம் அடைபட்டுவிடும். பிறகு அடிக்கும் பச்சைக்கு உள்ளே போக வழியே இல்லை. பெயிண்டர் இதைச் சொன்னபோது, இத்தனை நாள் இது தெரியாமல் இருந்ததே என்று நெற்றியில் அடித்துக்கொண்டேன். கையில் பிரஷ் இருந்தது, நெற்றியும் வெள்ளையாயிற்று.

வெள்ளை தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும் பச்சை இரண்டு கோட். சுவர் முழுவதற்கும் கலக்குவதைவிட ஓரத்துக்குத் தண்ணீர் குறைவாகக் கலந்துகொள்ளுங்கள். நீர்க்க இருந்தால் இறங்கி வழியும், சந்து தேடும். இரண்டாவது கோட் ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரித்துவிட வேண்டும். வேகமாக இழுக்காமல், டேப்பை அதன் மேலேயே மடக்கி, அடித்த பச்சையிலிருந்து விலகுகிற மாதிரிச் சாய்வாக, மெதுவாக. காய்ந்துபோய்விட்டதென்றால் ஓரத்தில் பிளேடை லேசாக ஓட்டிக் கீறிவிட்டு உரியுங்கள். காபி எல்லாம் அப்புறம்.

டேப்பே இல்லாமல் பிரஷால் மட்டும் ஓரம் பிடிப்பதற்குப் பெயிண்டர்கள் 'கட்டிங்' என்பார்கள். வேறு எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம், அதைப் போட்டுவிட்டு இதைச் செய்யவும் முடியாது. அவர் அதைச் செய்து காட்டினார். இரண்டு இன்ச் பிரஷ், முடியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் பெயிண்டில் முக்கினார். டப்பா விளிம்பில் வழிக்காமல் உள்பக்கம் இரண்டு தட்டுத் தட்டினார். முதலில் கோட்டுக்கு ஒரு விரல் கீழே பெயிண்டை இறக்கிவைத்தார். அங்கிருந்துதான் மேலே தள்ளிக்கொண்டு போனார். பிரஷை லேசாக அழுத்தியதும் முடி விசிறி மாதிரி விரிந்து, முன்னால் ஒரு மெல்லிய பெயிண்ட் விளிம்பு திரண்டது. அந்த விளிம்பைத்தான் கோட்டின் மேல் ஓட்டினார். அவர் பார்வை பிரஷில் இல்லை, அரை அடி முன்னால், போக வேண்டிய இடத்தில் இருந்தது. கை அசையவில்லை, உடம்பு சாய்ந்தது. இரண்டடி ஓடி முடிந்த பிறகுதான் மூச்சு விட்டார். எனக்கு அந்த அளவு வரவில்லை, இப்போதும் வரவில்லை. மூன்று சுவர் அடித்த பிறகு ஓரளவு கை நின்றது.

அவரிடம் கற்ற சில்லறை விஷயங்கள் சில உண்டு. கோடு கண் மட்டத்தில் இருக்க வேண்டும், கழுத்தைப் பின்னால் சாய்த்து அண்ணாந்து பார்த்து அடித்தால் கோடு வளையும். ஆகவே இன்னும் ஒரு படி ஏறுங்கள். ஆடாத ஏணி முக்கியம், கட்டில் மேல் நாற்காலி போடுகிற வேலை வேண்டாம். ஃபேனை நிறுத்துங்கள், காற்றில் ஓரம் சீக்கிரம் காய்ந்துவிடும். புது பிரஷைத் தண்ணீரில் நனைத்து, முடியை உருவிவிட்டு, உலர்த்தி எடுங்கள். இல்லாவிட்டால் கோட்டின் மேல் ஒரு முடி ஒட்டிக்கொண்டு மானத்தை வாங்கும். அறை முழுக்க ஓரத்தை முடித்துவிட்டு மறுநாள் ரோலர் ஓட்டினால், ஓரம் தனியாகப் படச்சட்டம் மாதிரித் தெரியும். ஒரு சுவருக்கு ஓரம், ஈரம் காய்வதற்குள் அதே சுவருக்கு ரோலர், பிறகு அடுத்த சுவர் என்று போங்கள். பிரஷ் தவறிச் சீலிங்கில் பட்டால் பதறித் தேய்க்க வேண்டாம். பட்டித் தகட்டின் முனையில் ஈரத்துணியைச் சுற்றி, கோட்டை நோக்கி ஒரே இழுப்பில் வழித்தெடுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கெட்டுப்போனதைச் சரிசெய்யலாம், எல்லாவற்றையும் மறுபடி அடிக்கத் தேவையில்லை. நன்றாகக் காய்ந்த பிறகு அந்தப் பற்களை மெல்லிய உப்புத்தாளால் தடவுங்கள். தடிப்பு போனால் போதும், நிறம் போக வேண்டியதில்லை. இந்தத் தடவை எல்லாம் தலைகீழ். டேப்பைப் பச்சையின் மேல், அதன் மேல் ஓரம் கோட்டில் நிற்கும்படி ஒட்டுங்கள். டேப்பின் மேல் ஓரத்துச் சந்தைப் பச்சையால் அடைத்துவிடுங்கள். காய்ந்ததும் அதற்கு மேலே வெள்ளை அடித்து, ஈரத்திலேயே உரித்துவிடுங்கள். பச்சை ஆழமான நிறமாக இருந்தால் வெள்ளை இரண்டு, மூன்று கோட் கேட்கும். முதல் கோட் வெள்ளை அடித்ததும் பற்கள் மங்கலாக எட்டிப் பார்த்தால் பயப்படாதீர்கள்.

எந்தச் சுவரில் தொடங்குவது என்பதும் முக்கியம். ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து சின்னப் பிசிறையும் பெரிதாக்கிக் காட்டும், அதைக் கடைசிக்கு வையுங்கள். கதவுக்கு மேலே இருக்கும் சுவரில் தொடங்குங்கள். உள்ளே வருகிறவர்களுக்கு அது முதுகுப் பக்கம்.