இரவானால் அத்தை ஊசியைப் பிடுங்குகிறார்

கேள்வி: என் மாமியாருக்கு 78 வயது. மூன்று வருஷமாக மறதி நோய். இருந்தாலும் தானாகச் சாப்பிடுவார், பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். போன வாரம் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. அதிலிருந்து இரவெல்லாம் தூக்கம் இல்லை. ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்குகிறார். "கன்னுக்குட்டி கத்துது, விடுங்கடி" என்று கட்டிலை விட்டு இறங்கப் பார்க்கிறார். கையைக் கட்டிவிட்டார்கள். நோய் முற்றிவிட்டது, இனி இப்படித்தான் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அப்படியா டாக்டர்?
- வாசகி, துறையூர்

பதில்: இல்லையம்மா. மறதி நோய் ராத்திரியோடு ராத்திரியாக முற்றாது. ஒன்றிரண்டு நாளில் ஆளே மாறிப்போனால் அது பெரும்பாலும் டெலிரியம், அதாவது உடம்பில் ஏற்பட்ட வேறு கோளாறால் திடீரென்று வரும் மனக்குழப்பம். மறதி உள்ளவர்களுக்கு, அதுவும் இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு, அடிக்கடி வருவது. காரணத்தைக் கண்டு சரிசெய்தால் பலரும் தெளிவார்கள். சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும். பழையபடி முழுதாகத் திரும்பாதவர்களும் உண்டு.

ராத்திரி டியூட்டி டாக்டர் அத்தையை இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். அவரிடம் "மறதி இருக்கு" என்று மட்டும் சொன்னால், எப்போதுமே இப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிடுவார். "போன வாரம்கூட பேரன் பேரைச் சொன்னாங்க, ஆபரேஷனுக்கு அப்புறம்தான் இப்படி" என்று சொல்லுங்கள். ரத்தத்தில் சோடியம் உப்பு குறைந்ததா, சிறுநீரில் தொற்றா, மலம் கழித்து எத்தனை நாளாயிற்று, புதிதாகத் தூக்க மருந்து ஏதும் சேர்த்தார்களா என்று அவரே பார்ப்பார்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை, வலி. மறதி உள்ளவர்கள் பலர் "வலிக்குது" என்று சொல்ல மாட்டார்கள்; கேட்டாலும் இல்லை என்பார்கள். புரட்டிப் படுக்க வைக்கும்போது முகம் சுளிக்கிறாரா, பல்லைக் கடிக்கிறாரா என்று பாருங்கள். வலி மருந்தைத் 'தேவைப்பட்டால்' என்று எழுதியிருந்தால் அத்தைக்கு அது கிடைக்கவே கிடைக்காது, கேட்கத் தெரியாதே! வேளாவேளைக்குக் கொடுக்கும்படி எழுதித் தரச் சொல்லுங்கள்.

கையைக் கட்டினால் திமிறல்தான் கூடும். ஊசி கண்ணில் படாதபடி அதன்மேல் கட்டுத்துணி சுற்றித் தரச் சொல்லுங்கள். சிறுநீர்க் குழாய் இன்னும் வேண்டுமா என்றும் கேளுங்கள். ஆபரேஷனுக்கு முன் கழற்றிய கண்ணாடியும் பல்செட்டும் உங்கள் பையிலேயே கிடக்கிறதோ என்னவோ, எடுத்து மாட்டிவிடுங்கள். ராத்திரிக்கு ஆள் மாற்றி மாற்றி வராமல், அவருக்குப் பழகிய ஒருவரே இருப்பது நல்லது. "இங்க ஏது கன்னுக்குட்டி?" என்று வாதாடாதீர்கள். "பால் குடிச்சுட்டுப் படுத்துடுச்சு அத்தை" என்று சொல்லுங்கள், தப்பே இல்லை.

ஒன்று மட்டும் கவனம். திடீரென்று சத்தமே இல்லாமல், கூப்பிட்டாலும் சரியாகக் கண் திறக்காமல் கிடந்தால், 'அப்பாடா, அடங்கிட்டாங்க' என்று இருந்துவிடாதீர்கள். டெலிரியம் அப்படியும் வரும். வேறு ஆபத்தாகவும் இருக்கலாம். உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.